அப்பா பேசாமல் இருந்த இரண்டு கிழமை

வணக்கம் அண்ணா,

உங்கள் கட்டுரைகளை என் மனைவிதான் வாசிக்கச் சொன்னாள். எனக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். புதன்கிழமைப் பின்னேரங்களில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த அளவுதான். பிழை இருந்தால் மன்னியுங்கள்.

நான் லூசேர்னுக்குப் பக்கத்தில் எம்மன்புரூக்கில் பிறந்து வளர்ந்தவன். வயது 31. அப்பா 1989இல் வந்தவர். ஒரு ஹோட்டல் சமையலறையில் 27 வருடம் வேலை செய்தார். 2023இல் எஸ்.வி.பி. (சுவிஸ் மக்கள் கட்சி என்ற வலதுசாரிக் கட்சி) கட்சிக்காரர்கள் ‘10 மில்லியன் சுவிஸ் வேண்டாம்’ என்று மக்கள் வாக்கெடுப்பு கேட்டுக் கையெழுத்துச் சேர்த்தபோது நானும் போட்டேன். தெரிந்ததும் அப்பா இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. இப்போதும் அந்தப் பேச்சு வந்தால் எழும்பிப் போய்விடுவார்.

நான் இனவாதி இல்லை அண்ணா. ஆனால் நாடு சின்னது. ரயிலில் இடமில்லை, வீட்டு வாடகை கட்ட முடியவில்லை. இப்போது வருகிறவர்கள், முக்கியமாக எரித்திரியர்கள், ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார்கள், சோசியல் காசில் (அரசு உதவிப் பணத்தில்) வாழ்கிறார்கள், மொழி படிப்பதில்லை. எங்கட ஆட்கள் அப்படியா வந்தார்கள்? கோப்பை கழுவினார்கள், ஒருவருக்கும் தொந்தரவு தரவில்லை, இந்த நாட்டோடு ஒத்துப்போனார்கள். அதைக் கேட்பது பிழையா? அப்பாவுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

ச.

—

அன்புள்ள ச.,

தமிழில் எழுதியதற்கு நன்றி. உங்கள் கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழைதான் இருந்தது, திருத்திவிட்டேன். நான் டொச்சில் (ஜெர்மன் மொழியில்) கடிதம் எழுதினால் அதைவிடக் கூட வரும்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலிருந்து தொடங்குகிறேன். 2050க்கு முன் இந்நாட்டின் நிரந்தரக் குடித்தொகை ஒரு கோடியைத் தாண்டக் கூடாது என்கிறது அது. 95 இலட்சத்தைத் தாண்டினாலே அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும். அப்போது முதலில் கை வைக்கச் சொல்வது அகதி விஷயத்திலும், குடும்பத்தைக் கூப்பிடுவதிலும். அதிலும் அடங்காவிட்டால் கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு உள்ள தடையற்ற நடமாட்ட ஒப்பந்தத்தையே முறிக்க வேண்டும். 2024இல் நாங்கள் 90 இலட்சத்தைத் தாண்டிவிட்டோம்.

வருடாவருடம் இங்கே குடியேற வருகிறவர்களில் பெரும்பங்கு ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, போர்த்துக்கல் என்று ஐரோப்பிய நாடுகளிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள். மருத்துவர், தாதி, பொறியியலாளர், கட்டட வேலைக்காரர். கம்பனிகளும் ஆஸ்பத்திரிகளும் அவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருகின்றன. நீங்கள் சொல்லும் ரயில் நெரிசல் உண்மை. காலையில் பேர்னிலிருந்து சூரிச்சுக்கு நின்றுகொண்டே போகிற ஆள் நான். வாடகையும் உண்மை. இதைச் சொல்வதற்கு ஒருவரும் உங்களை இனவாதி என்று சொல்லக் கூடாது. ஆனால் ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெடியன் உங்கள் சீட்டில் இருக்கவில்லை. நீங்கள் பார்த்துவைத்த வீட்டையும் அவன் எடுக்கவில்லை. அவன் மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறான்.

குடும்பத்தைக் கூப்பிடுவது என்றேனே, உங்கள் அம்மா எந்த விசாவில் வந்தார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

சரி, ‘எங்கட ஆட்கள் அப்படியா வந்தார்கள்’ என்ற கேள்விக்கு வருகிறேன். ஓம், அப்படித்தான் வந்தோம். நான் 1986இல் வந்தேன். வேலை செய்யும் அனுமதி உடனே கிடைக்காது. முகாமில் எட்டுப் பேருக்கு ஓர் அறை, பகலில் அங்கே இருக்க முடியாது. வெளியே குளிர். காசில்லாமல் சூடாக இருக்கக்கூடிய ஒரே இடம் ஸ்டேஷன். பேர்ன் ஸ்டேஷனில் நாங்கள் பத்துப் பதினைந்து பேராக நின்று ஊர்க் கதை பேசுவோம். யாருக்குக் கடிதம் வந்தது, எந்தத் தம்பியைப் பிடித்துவிட்டார்கள், எந்த ஊரில் ஷெல் விழுந்தது. மலிவு விலையில் வாங்கிய தோல் ஜாக்கெட் எல்லோரிடமும் இருந்தது. பத்திரிகைகள் எங்களுக்கு ஒரு பட்டமே வைத்துவிட்டன: தோல் ஜாக்கெட் தமிழர்கள். சோசியல் காசில் ஜாக்கெட் வாங்குகிறார்கள், போதைத்தூள் விற்கிறார்கள், வேலை செய்யாமல் ஸ்டேஷனில் நிற்கிறார்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் வசனம் ஏறக்குறைய அப்படியே. சிலர் தூள் விற்றார்கள்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சிலரின் முகம்தான் எங்கள் எல்லோருடைய முகமாகவும் இருந்தது.

அதே காலத்தில் எங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது கதவைத் திறந்து உள்ளே விட்ட தேவாலயங்களும் இருந்தன. அதையும் சொல்ல வேண்டும்.

பிறகு என்ன நடந்தது? எங்களுக்குச் சமையலறைகள் கிடைத்தன. சுவிஸ்காரர் விட்டுப்போன வேலை அது. கோப்பை கழுவுகிறவன் கதவுக்குப் பின்னால் நிற்பான், சாப்பிட வருகிறவர் அவனைப் பார்ப்பதில்லை. காலை ஆறு மணிக்கும் இரவு பன்னிரண்டு மணிக்கும் ட்ராமில் போகிறவனையும் யாரும் பார்ப்பதில்லை. பத்து வருடத்தில் நாங்கள் நல்ல பிள்ளைகள் ஆகிவிட்டோம். ‘தமிழர்களா, அமைதியான, கடுமையாக உழைக்கும் ஆட்கள்.’ இதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் நம்பிவிட்டோம்.

ஒத்துப்போனோம் என்கிறீர்கள். உங்கள் அப்பாவின் டொச் எப்படி? என்னுடையது சமையலறை டொச்: கொண்டா, கழுவு, சூடு, கவனம், முடிந்தது. மற்றதெல்லாம் பிறகு வந்தது, அரைகுறையாக. என் மகள் ஒன்பது வயதில் டாக்டரிடம் என்னோடு வந்து, நான் சொல்வதை மொழிபெயர்த்தாள். அவளுக்குச் சொல்லக் கூச்சமான விஷயத்தையும் சொல்ல வைத்தேன். கலியாணம் எங்களுக்குள்ளேயே. சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. சனிக்கிழமை தமிழ், பரதநாட்டியம், மிருதங்கம். நான் எதையும் குறை சொல்லவில்லை, எல்லாவற்றிலும் நானும் முன்வரிசையில் இருந்தவன். ஒத்துப்போனது வேறு, கண்ணில் படாமல் இருந்தது வேறு என்றுதான் சொல்கிறேன். சுவிஸ்காரர் இரண்டாவதைப் பார்த்து முதலாவது என்று நினைத்துவிட்டார்கள். எரித்திரியனுக்கு அந்தச் சமையலறை கிடைக்கவில்லை; அங்கே இப்போது நாங்கள் நிற்கிறோம்.

பேர்னில் ஐரோப்பாப் பிளாட்ஸில் 2014இல் திறந்த ‘சமயங்களின் இல்லம்’ பார்த்திருக்கிறீர்களா? பள்ளிவாசல், புத்த விகாரை, தேவாலயம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். அங்கே எங்கட கோயிலில் பூசை தமிழில் நடக்கிறது, பெண்களும் பூசை செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். இது சுவிஸோடு ஒத்துப்போனதா, இல்லை இன்னும் கூடத் தமிழ் ஆனதா? எனக்கு இரண்டுமாகத் தெரிகிறது.

உங்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது சரியில்லை, என் கதையையும் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தில் பத்து வீடு, நிலக்கீழ் தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்று. உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக: மெஷின் எல்லோருக்கும் பொது. சுவரில் அட்டவணை, உங்கள் நாளில் உங்களிடம் திறப்பு. முடிந்ததும் மெஷினின் ரப்பர் விளிம்பைத் துடைத்து, உலர்த்தும் மெஷினின் வலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை எடுத்து, தரையைக் கூட்டித் திறப்பை அடுத்த வீட்டிடம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக் கூடாது. நாங்கள் குடிவந்த முதல் மாதம் அந்த வலை இருப்பதே தெரியாது. தோய்க்கும் அறைக் கதவில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது, மேல்மாடிக் கிழவி அழகான கையெழுத்தில் எழுதியது. எனக்கு விளங்கிய சொற்கள் ‘இங்கே’, ‘ஒழுங்கு’, ‘வழக்கம்’. மனைவி கறித்தூளுக்கு மிளகாய் வறுத்த அன்று இன்னொரு துண்டு வந்தது.

சில வருடங்களுக்கு முன் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஓர் எரித்திரியக் குடும்பம் குடிவந்தது. அந்தப் பெண் கோப்பிக் கொட்டையைப் பச்சையாக வாங்கிச் சட்டியில் வறுப்பாள். புகை படிக்கட்டு முழுக்க ஏறும். ஒருநாள் உலர்த்தியைத் திறந்தால் வலையில் விரல் கனத்துக்குப் பஞ்சு. நான் மேலே வந்து, ஒரு தாள் எடுத்து, துண்டு எழுதினேன். ‘இந்த வீட்டில்’ என்று தொடங்கினேன். எழுதி முடித்து ஒட்டிவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் மனைவி சொன்னாள்: “கிழவி செத்து எட்டு வருஷம், கையெழுத்து மட்டும் வந்திருக்கு.”

அன்று பின்னேரம் கீழ்வீட்டுப் பெடியன் கதவைத் தட்டினான். ஏழு வயது இருக்கும். “எக்ஸ்கூசி” என்று தொடங்கி, அம்மாவுக்கு அந்த வலை இருப்பது தெரியாது, இனி எடுப்பார் என்று சொன்னான். அச்சு அசல் பேர்ன் பேச்சு. நான் இத்தனை வருடமாக முயன்றும் வாயில் வராத பேச்சு. அம்மா படியில் பின்னால் நின்றாள். என் மகள் டாக்டருக்கு முன்னால் நின்றதைப் போலவே அவன் நின்றான். நான் போய்த் துண்டைக் கிழித்தேன். கோப்பிப் புகை இன்னும் வருகிறது, இன்னும் எரிச்சல்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மொழி படிப்பதில்லை என்றீர்களே, யார் எத்தனை வருடத்தில் படித்தார்கள் என்று எங்களையும் சேர்த்து எண்ணினால் தெரியும். அவர்கள் ஊரைப் பற்றி ஒரு வரி: முடிவு தேதி இல்லாத கட்டாயத் தேசிய சேவை. ஊரில் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போன கதை உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அவரிடம் விளக்கம் கேட்கலாம்.

எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இத்தாலியர்கள். கோட்டார்டு சுரங்கமும் வீதிகளும் அணைக்கட்டுகளும் அவர்கள் கட்டியவை. பருவகாலத் தொழிலாளி என்ற அனுமதியில் வந்தார்கள்: ஒன்பது மாதம் வேலை, பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டும், மனைவி பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது. எல்லையில் உடுப்பைக் கழற்றி வரிசையில் நிறுத்தி மருத்துவச் சோதனை. பிரிந்திருக்க முடியாமல் பலர் பிள்ளைகளைக் களவாகக் கொண்டுவந்து அறைக்குள் ஒளித்து வைத்தார்கள். யன்னலுக்குக் கிட்டப் போகாதே, சத்தம் போடாதே, பள்ளிக்கூடம் இல்லை. அலுமாரிப் பிள்ளைகள் என்றே அவர்களுக்குப் பெயர். அந்த அனுமதி முறை 2002இல்தான் ஒழிந்தது.

1970 ஜூன் 7ஆம் திகதி ஜேம்ஸ் ஷ்வார்ட்சன்பாக் என்பவர் கொண்டுவந்த முன்மொழிவுக்கு வாக்கெடுப்பு. வெளிநாட்டவர் 10 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். வென்றிருந்தால் இலட்சக்கணக்கானவர்கள் பெட்டி கட்டியிருக்க வேண்டும், முக்கியமாக இத்தாலியர். 46 வீதம் பேர் ஆம் என்றார்கள். ஆண்கள் மட்டும் வாக்களித்த கடைசிக் காலம் அது. பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் வாக்கு அடுத்த வருடம்தான் கிடைத்தது. அப்போது இத்தாலியர்களைப் பற்றிச் சொன்னது என்ன தெரியுமா? ஸ்டேஷனில் கூட்டமாக நிற்கிறார்கள், சத்தம், பூண்டு மணம், எங்களோடு கலக்க மாட்டார்கள். ஸ்டேஷன் பாவம், எல்லாக் குற்றத்துக்கும் அதுதான் சாட்சி.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். 2000 மார்ச் 12. எம்மன்புரூக்கும் அடங்கிய எம்மனில் பிரஜாவுரிமை கேட்டவர்களைப் பற்றிய விவரங்களோடு ஒரு சிற்றேடு வீடு வீடாகப் போனது. ஊர் மக்கள் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பெட்டியில் வாக்குப் போட்டார்கள். தேறியவர்கள் யார்? இத்தாலியர்கள் மட்டும். யூகோஸ்லாவியப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் தோற்றார்கள். இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில் அடக்கம். முப்பது வருடத்துக்கு முன் துரத்தப்பட இருந்தவன், அவனுக்குப் பிறகு இன்னொருவன் வந்ததும் உள்ளூர்க்காரன் ஆகிவிட்டான். அந்த முப்பது வருடத்தில் அவன் பூண்டு சாப்பிடுவதை நிறுத்தியதாகத் தெரியவில்லை. பெட்டியில் வாக்குப் போட்டுப் பிரஜாவுரிமையைத் தீர்மானிப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த வழக்கம் நின்றது.

அதனால், நீங்கள் இந்த நாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். வார இறுதியில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, அடுத்து வருகிறவனைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். இதைவிட சுவிஸ்காரன் ஆக முடியாது. கேலியாகச் சொல்லவில்லை. நான் துண்டு ஒட்டிய ஆள்.

போட்ட கையெழுத்து உங்கள் உரிமை, அதைப் பிழை என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. நானாக இருந்தால் போட்டிருக்க மாட்டேன்; காரணம் மேலே இருக்கிறது. அப்பாவோடு அதைப் பேச வேண்டாம். வேறொன்றைக் கேளுங்கள். அந்த மார்ச் மாதம் உங்களுக்கு ஐந்து, ஆறு வயது. சிற்றேடு உங்கள் கட்டடத்துத் தபால்பெட்டிகளில் விழுந்திருக்கும், வாக்கு இல்லாதவர்களின் பெட்டியைத் தவிர. அப்போது அவர் கையில் என்ன விசாக் காட் இருந்தது? பாஸ்போர்ட்டுக்குப் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாரா? வாக்கெடுப்பு முடிந்து திங்கட்கிழமை ஹோட்டல் சமையலறையில் என்ன பேசிக்கொண்டார்கள்? எழும்பிப் போகாமல் பதில் சொன்னாரென்றால் எனக்கும் எழுதுங்கள். தமிழில் எழுத நேரம் எடுத்தால் டொச்சில் எழுதுங்கள், மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன்.