கனடா பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை) டார்கெட்டை குறைச்சா உங்க ஃபைலுக்கு என்ன ஆகும்?

கேள்வி: அண்ணா, நான் கனடாவுல படிச்சு முடிச்சு இப்போ ஒர்க் பெர்மிட்ல வேலை பாக்குறேன். சிஆர்எஸ் ஸ்கோர் (வயசு, படிப்பு, மொழி, அனுபவம் இதுக்கெல்லாம் சேர்த்து போடுற மார்க்) 498. வருஷத்துக்கு 5 லட்சம் பேரை எடுப்போம்னு சொன்னவங்க 2026-க்கு 3,80,000-னு இறக்கிட்டாங்க. இந்த நம்பரை யாரு, எதை வச்சு முடிவு பண்றாங்க? இனிமே எனக்கு சான்ஸ் இருக்கா? அம்மா அப்பாவையும் பின்னாடி கூப்பிடணும்னு ஆசை.

பதில்: தம்பி, முதல்ல அந்த 3,80,000-ங்கிற நம்பரை கொஞ்சம் ஓரமா வைங்க. நியூஸ்ல வர்ற மொத்த நம்பரை பாத்து பயந்தவங்களையும் பாத்திருக்கேன், அதே நம்பரை பாத்து ஆட்டம் போட்டவங்களையும் பாத்திருக்கேன், ரெண்டு பேருமே தப்பான இடத்தை தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. உங்க தலையெழுத்து மொத்தத்துல இல்ல, அதுக்கு கீழ இருக்கிற டேபிள்ல உங்க ரோவுல இருக்கு.

யாரு முடிவு பண்றாங்கன்னா, குடியேற்ற அமைச்சர் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1-ஐ ஒட்டி பார்லிமெண்டுல ஒரு அறிக்கை வைக்கணும்னு சட்டமே இருக்கு, அதுல தான் இந்த லெவல்ஸ் பிளான் வரும். ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது, கேபினெட்ல முடிவாகி வர்றது தான். அதுக்கு முன்னாடி மாகாணங்களை கேட்கணும், முதலாளிங்க, முனிசிபாலிட்டிங்கன்னு எல்லாரையும் கேட்பாங்க, பொதுமக்கள்கிட்டயும் சர்வே எடுப்பாங்க. கியூபெக் மாகாணம் மட்டும் 1991 ஒப்பந்தப்படி தனி ஆவர்த்தனம், தன் பொருளாதார குடியேறிகளை அதுவே தேர்ந்தெடுக்கும். 2017-ல இருந்து மூணு வருஷத்துக்கு சேர்த்து போடுறாங்க, ஆனா வருஷா வருஷம் திருத்துவாங்க, அதனால 2028-க்குன்னு இன்னைக்கு எழுதியிருக்கிறதை கல்வெட்டுன்னு நினைச்சிடாதீங்க.

ஏன் குறைச்சாங்கன்னா, 2023-ல ஒரே வருஷத்துல மக்கள்தொகை 3.2% ஏறிடுச்சு, அதுல கிட்டத்தட்ட 98% வெளியில இருந்து வந்தவங்களால, வீட்டு வாடகை எங்கயோ போச்சு, மக்கள் கத்த ஆரம்பிச்சாங்க, 2024 அக்டோபர்ல 2025-க்கு வச்சிருந்த 5 லட்சத்தை 3,95,000-ஆ வெட்டினாங்க. ஸ்டூடண்ட், ஒர்க்கர் மாதிரி டெம்பரரியா வர்றவங்களுக்கும் அப்போ தான் முதல் தடவையா டார்கெட் போட்டாங்க.

இப்போ விஷயத்துக்கு வருவோம். டார்கெட்னா அப்ளிகேஷன் எண்ணிக்கை இல்ல, இன்விடேஷன் (பிஆருக்கு அப்ளை பண்ணுங்கன்னு அரசாங்கம் கூப்பிடுறது) எண்ணிக்கையும் இல்ல, அந்த வருஷம் பிஆர் ஆகி முடிச்ச தலைகளோட எண்ணிக்கை. நீங்க, மனைவி, ரெண்டு குழந்தைங்கன்னா ஒரு ஃபைல் நாலு இடத்தை சாப்பிடும். இன்விடேஷன் வந்தா 60 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும், அப்புறம் ப்ராசசிங் ஒரு ஆறு மாசம்னு வைங்க, அப்போ செப்டம்பர்ல நடக்கிற டிரா, அதாவது ஸ்கோர் வரிசையில மேல இருக்கிறவங்களுக்கு இன்விடேஷன் அனுப்புற சுற்று, பெரும்பாலும் அடுத்த வருஷக் கணக்குல தான் விழும். ஏற்கனவே உள்ள இருக்கிற உங்களை மாதிரி ஆளுங்க பிஆர் ஆனாலும் இதே கணக்கு தான், 2025 டார்கெட்ல 40%-க்கு மேல கனடாவுல ஏற்கனவே இருக்கிறவங்களா இருப்பாங்கன்னு அரசாங்கமே சொன்னுச்சு.

இது டிராவை எப்படி ஆட்டி வைக்கும்னு புரியணும்னா 2021-ஐ பாருங்க. கொரோனாவுல பார்டர் மூடியாச்சு, வெளியில இருந்து ஆள் வர முடியல, ஆனா பிளான்ல 4,01,000-னு எழுதியாச்சு. என்ன பண்ணாங்க? பிப்ரவரி 13-ம் தேதி ஒரே டிராவுல 27,332 பேருக்கு இன்விடேஷன், கட்ஆஃப் வெறும் 75! 1200-க்கு 75. அன்னைக்கு ப்ரொஃபைல் போட்டு வச்சிருந்தவனுக்கு கூரையை பிச்சுக்கிட்டு கொட்டுச்சு. அந்த வருஷம் டார்கெட்டையும் தாண்டிட்டாங்க. ஆனா ஃபைல் மலையா குவிஞ்சு போய், அடுத்து வர்ற இடங்களுக்கும் சேர்த்து ஆள் நிக்க, சிஇசி (கனடாவுலயே வேலை பாத்த அனுபவம் இருக்கிறவங்களுக்கான பிரிவு) டிராவை 2021 செப்டம்பர்ல நிறுத்தினவங்க 2022 ஜூலை 6-ல தான் திரும்ப கூப்பிட்டாங்க, அப்போ கட்ஆஃப் 557. இத்தனைக்கும் மொத்த டார்கெட் அந்த நேரத்துல ஏறிக்கிட்டு தான் இருந்துச்சு!

அதே மாதிரி 2026 டேபிளை பிரிச்சு பாருங்க. மொத்தம் 3,95,000-ல இருந்து 3,80,000-ஆ இறங்குச்சு, சரி. ஆனா எகனாமிக் ரோ (வேலைத் திறமையை வச்சு எடுக்கிறவங்க) 2,32,150-ல இருந்து 2,39,800-ஆ ஏறியிருக்கு. மாகாண நாமினேஷன், அதாவது மாகாணமே தனக்கு வேணுங்கிற ஆளை சிபாரிசு பண்றது, அதான் பிஎன்பி, 2024-ல 1,10,000-ஆ இருந்ததை 2025-ல சரிபாதியா 55,000-ஆ ஆக்கி மாகாணங்களை அலற விட்டாங்க, ஒன்டாரியோவுக்கு 21,500 போய் 10,750 தான் கிடைச்சுது, சட்டியில இருந்தா தானே அகப்பையில வரும். 2026-க்கு அது 91,500. அப்போ வெட்டு எங்க விழுந்துச்சு? அகதிகள், மனிதாபிமான அடிப்படை, அப்புறம் பெத்தவங்க ஸ்பான்சர். பெத்தவங்க ரோ 24,500-ல இருந்து 15,000. என்னை கேட்டா இது தான் இந்த பிளான்லயே வலிக்கிற இடம், ஓட்டுக்கும் வேலைக்கும் கணக்கு போடுறவங்க வயசானவங்களை கடைசியா தான் எண்ணுறாங்க.

உங்க 498-க்கு வர்றேன். 2025-ல நடந்த சிஇசி டிரா எதுவும் 510-க்கு கீழ இறங்கல, அதனால அதை மட்டும் நம்பி உக்காரக்கூடாது. உங்க மாகாணத்தோட பிஎன்பியை இப்பவே தோண்டுங்க, நாமினேஷன் கிடைச்சா 600 பாயிண்ட், அதோட கதை முடிஞ்சுது. வேலை ஆஃபருக்கு பாயிண்ட் வாங்கித் தர்றேன்னு யாராவது காசு கேட்டா ஓடிடுங்க, அந்த பாயிண்டையே 2025 மார்ச் 25-ல எடுத்தாச்சு. இங்கிலீஷ் டெஸ்ட்ல அரை மார்க் விட்டிருந்தீங்கன்னா திரும்ப எழுதுங்க, கல்யாணம் ஆகியிருந்தா மனைவியையும் எழுத சொல்லுங்க. பிரெஞ்சு படிக்க தெம்பு இருக்கா? 2025 மார்ச்ல பிரெஞ்சு டிரா 379-க்கே போச்சு, கியூபெக்குக்கு வெளிய பிரெஞ்சு பேசுறவங்களுக்குன்னு பிளான்லயே தனி சதவீதம் வச்சிருக்கிறதால வந்த வினை அது. ஒரு வருஷ உழைப்பாவது ஆகும், சும்மா ஆப்ல பத்து நிமிஷம் படிச்சா வராது.

அம்மா அப்பா விஷயத்துல ஸ்பான்சர் லாட்டரிக்காக காத்திருக்காதீங்க, நீங்க பிஆர் ஆனதும் சூப்பர் விசா போடுங்க, ஒரு தடவை வந்தா அஞ்சு வருஷம் வரைக்கும் கூட இருக்கலாம், அது இந்த டார்கெட் கணக்குலயே வராது. வருமானமும் மெடிக்கல் இன்ஷூரன்ஸும் காட்டணும், அதுக்கு இப்பவே கொஞ்சம் எடுத்து வைங்க. உங்க ஒர்க் பெர்மிட் எந்த மாசம் முடியுதுன்னு நீங்க எழுதவே இல்ல, அதை சொன்னா மத்ததை பேசலாம்.