கிரிப்டோ தளம் நம் நாட்டில் சட்டப்படி இயங்குகிறதா? – கேள்வி பதில்

கிரிப்டோ என்னும் இணைய நாணயங்களை வாங்கி விற்கும் தளங்களின் சட்டநிலை குறித்து உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த நாணயத்தை வாங்கலாம், எப்போது விலை ஏறும் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். நான் வரிக்கணக்கு எழுதுகிறவன், ஜோதிடன் அல்ல.

கேள்வி (திருப்பூர்): இந்தியாவில் கிரிப்டோவுக்குத் தடை என்று ஒருவர் சொல்கிறார், வரி கட்டினால் அனுமதி உண்டு என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி, ஐயா?

பதில்: இருவர் சொல்வதும் பாதி உண்மை. கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை வழங்கக் கூடாது என்று 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அதை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இன்றும் பலர் சொல்லும் ‘தடை’ அந்தப் பழைய சுற்றறிக்கையின் எதிரொலிதான். பின்னர் 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இவற்றுக்கு ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’ என்று பெயரிட்டு, லாபத்துக்கு 30 சதவீத வரியும், விற்பனைத் தொகையில் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்தமும் விதித்தது. ஆனால் வரி விதிப்பது அரசின் உரிமை, அதனாலேயே அங்கீகாரம் கொடுத்ததாகக் கொள்ளக் கூடாது என்று நிதியமைச்சர் அப்போதே நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தினார். ஆக, வைத்திருப்பதும் விற்பதும் குற்றமல்ல. ரூபாயைப் போல அது செல்லுபடியாகும் பணமும் அல்ல.

கேள்வி (மதுரை): ஒரு தளம் சட்டப்படி இயங்குகிறதா என்று சாதாரண ஆள் எப்படிச் சரிபார்ப்பது? செயலி ப்ளே ஸ்டோரிலேயே இருக்கிறதே, அது போதாதா?

பதில்: போதாது. 2023 மார்ச் 7 அன்று வெளியான அரசு அறிவிக்கையின்படி, கிரிப்டோ சேவை நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. அன்று முதல், நிதியமைச்சகத்தின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்துகொள்வதும், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதும், சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளைத் தெரிவிப்பதும் அவற்றின் கடமை. நிறுவனத்துக்கு இந்தியாவில் அலுவலகம் இருக்கிறதா என்பது இங்கே கணக்கில்லை; இந்தியருக்குச் சேவை கொடுத்தாலே கடமை வந்துவிடும். இதைச் செய்யாத பைனான்ஸ் (Binance), குகாயின், கிராக்கன், பிட்ஃபினெக்ஸ் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2023 டிசம்பர் 28 அன்று நோட்டீஸ் போனது. அவற்றின் செயலிகள் அதுவரை ப்ளே ஸ்டோர் போன்ற செயலிக் கடைகளில் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தவைதான். அடுத்த மாதமே பல செயலிகள் மறைந்தன.

நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். தளத்தின் முகப்பைப் பார்க்காமல், அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் ‘பயன்பாட்டு விதிமுறைகள்’ பக்கத்தைத் திறந்து, “இந்த ஒப்பந்தம் உங்களுக்கும் … நிறுவனத்துக்கும் இடையிலானது” என்று வரும் வரியைத் தேடுங்கள். வியாபாரப் பெயர் வேறு, நிறுவனப் பெயர் வேறு. வசீர்எக்ஸ் என்பது சான்மாய் லேப்ஸ். காயின்டிசிஎக்ஸ் என்பது நெப்லியோ டெக்னாலஜீஸ். நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்றிருப்பதாகத் தளம் சொல்லும் பெயரும், உங்களோடு ஒப்பந்தம் போடும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இந்திய நிறுவனம் என்று சொன்னால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடினால், அது உயிரோடு இருக்கிறதா, எப்போது தொடங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். முகப்பில் அசோகச் சக்கரத்தோடு ஒரு முத்திரைப் படம் ஒட்டியிருந்தால் அதை நம்பாதீர்கள். படத்தை யாரும் ஒட்டலாம்.

எங்கள் தொழிலில் இன்னொரு வழியும் உண்டு. அந்தத் தளத்தில் ஏற்கெனவே விற்றிருக்கிறீர்கள் என்றால், வருமான வரி இணையதளத்தில் உங்கள் 26ஏஎஸ் படிவத்தை (உங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட வரிகளின் பட்டியல்) எடுத்து, கிரிப்டோ பிடித்தத்துக்கான, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194எஸ் பிரிவில் ஏதாவது வரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்றிருந்தால் 1,000 ரூபாய் பிடித்தம், பிடித்த நிறுவனத்தின் பெயரோடு அங்கே நிற்க வேண்டும். உங்களிடம் பணத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒன்றும் காட்டாத தளம், மற்ற எதில் ஒழுங்காக இருக்கும்? வாய்ச்சொல்லை விட இந்த ஒரு வரி எனக்குப் பெரிய சாட்சி.

கேள்வி (கோயம்புத்தூர்): பைனான்ஸ் முடக்கப்பட்டது என்று படித்தேன், இப்போது என் நண்பர் அதில் வாங்குகிறார். குழப்பமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் படித்ததும் சரி, நண்பர் செய்வதும் சரி, காலம்தான் வேறு. அந்த நிறுவனத்துக்கு 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பதிவு செய்துகொண்டு, ஆகஸ்டில் இந்தியப் பயனர்களுக்கான சேவையை மீண்டும் தொடங்கியது. குகாயின் 34.5 லட்சம் ரூபாய் அபராதத்தோடு முன்பே வந்துவிட்டது. பைபிட்டுக்கு 2025 ஜனவரியில் 9.27 கோடி. காயின்பேஸ் அதே ஆண்டு மார்ச்சில் பதிவு பெற்றதாக அறிவித்தது. மறுபக்கம், 2025 அக்டோபரில் மேலும் 25 வெளிநாட்டுத் தளங்களுக்கு நோட்டீஸ் போனது. ஆகவே ஆறு மாதத்துக்கு முந்தைய காணொளியை வைத்து முடிவு செய்யாமல், பணம் போடும் அன்று பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): முடக்கப்பட்ட தளத்தை வி.பி.என். போட்டுத் திறந்தால் திறக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். வி.பி.என். நீங்கள் இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும், அதனால் உள்ளே போவது எளிது; பணத்தை வெளியே எடுக்கும்போதுதான் ஆதார், பான் கேட்பார்கள். இந்திய முகவரியைக் காட்டியதும், இந்த நாட்டுக்குச் சேவை இல்லை என்ற விதியைச் சொல்லிக் கணக்கை நிறுத்தினால், நீங்களே விதியை மீறியிருப்பதால் யாரிடம் முறையிடுவீர்கள்?

கேள்வி (சேலம்): தளம் பதிவு பெற்றதுதான், சார். ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு ஆளிடம் நேரடியாக விற்றேன். இப்போது என் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. நான் செய்த தவறு என்ன?

பதில்: உங்கள் மீது தவறு இல்லாமலும் இருக்கலாம். பி2பி முறையில் தளம் நாணயத்தைத்தான் கைமாற்றுகிறது. ரூபாய், முன்பின் அறியாத ஒருவரின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வருகிறது. அது இணைய மோசடியில் யாரோ இழந்த பணமாக இருந்தால், அவர் இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்குப் புகார் செய்ததும், பணம் போன வழியில் உள்ள கணக்குகளை எல்லாம் காவல் துறை வரிசையாக நிறுத்தச் சொல்லும். எனக்குத் தெரிந்த ஒருவர் 18,000 ரூபாய்க்கு விற்று, வேறு மாநிலச் சைபர் காவல் நிலையத்துக்கு மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். சம்பளம் வரும் கணக்கும் அதுவே என்பதால், அவர் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கடன் வாங்கித்தான் கட்டினார்.

முதலில் வங்கியிடம், எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு விற்பனை எண், உரையாடல் பதிவு, நாணயம் போன நேரம் ஆகியவற்றோடு அந்த நிலையத்தின் விசாரணை அதிகாரிக்கு எழுதி, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கக் கேளுங்கள். மறுத்தால் நீதிமன்றம்தான் வழி.

கேள்வி (சென்னை): பதிவு பெற்ற தளம் என்றால் என் பணம் பத்திரமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பதிவு கறுப்புப் பணத்தைக் கண்காணிப்பதற்கானது. வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் காப்பீடு போன்ற எதுவும் இதில் கிடையாது. பதிவு பெற்ற சான்மாய் லேப்ஸ் நடத்திய வசீர்எக்ஸ் தளத்திலிருந்துதான் 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. பணம் வைத்திருந்தவர்கள், சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நடந்த மறுசீரமைப்புக்குக் காத்திருக்க நேர்ந்தது.

அந்தத் தளத்தில் எக்ஸ்ஆர்பி என்ற நாணயம் 3,532.30 வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். களவு போனவை வேறு வகை நாணயங்கள், தன்னுடையவை அல்ல என்பது அவர் வாதம். நடுவர் மன்றத்தின் இடம் சிங்கப்பூர் என்று நிறுவனம் சொன்னபோதும், பணம் சென்னையிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து போனதைச் சுட்டி, மனுவை இங்கே விசாரிக்கலாம் என்று 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கிரிப்டோ ஒரு சொத்தே என்றும், அதைப் பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றும் கூறி, இடைக்காலப் பாதுகாப்பும் கொடுத்தார். ஒப்பந்தத்தில் யார் பெயர் என்று பார்க்கச் சொன்னதன் காரணம் இப்போது புரியும்: வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பில் நிற்கப்போவது அந்தப் பெயர்தான்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இலங்கையில் இருப்பவர்களுக்கு இதே முறை பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இலங்கை மத்திய வங்கி, எந்த நிறுவனத்துக்கும் இதற்கான உரிமம் தாம் வழங்கவில்லை என்று பொதுமக்களைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் விடுக்கப்பட்ட பணிப்பின்படி, மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகளுக்கு வரவட்டை, கடனட்டைகளைப் பயன்படுத்த அனுமதி இல்லை. ஒரு தளம் ‘இலங்கையில் பதிவு பெற்றது’ என்று விளம்பரம் செய்தால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): இந்தியாவில் பதிவு பெற்ற தளத்தை இங்கே வேலை பார்க்கும் நான் பயன்படுத்தலாமா?

பதில்: நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம்தான் முதலில். சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டின் கட்டணச் சேவைகள் சட்டப்படி உரிமம் தேவை. நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் பெயரைத் தேடினால் உரிமத்தின் வகையோடு கிடைக்கும். முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் என்று தனியாக ஒன்றும் இருக்கிறது, அதையும் பாருங்கள். பைனான்ஸின் உலகத் தளம் 2021 செப்டம்பரில் அந்தப் பட்டியலில் ஏறியது. அதே பெயர்தான் மூன்று ஆண்டுக்குப் பின் இந்தியாவில் பதிவு பெற்ற நிலையில் நின்றது.

கேள்வி (ஈரோடு): டெலிகிராம் குழுவில் ஒரு தளத்தைச் சொன்னார்கள். தம்பி 5,000 போட்டு 6,200 எடுத்துவிட்டான். இப்போது 2 லட்சம் போடப் போகிறான். பதிவுச் சான்றிதழ் என்று ஒரு பி.டி.எஃப். அனுப்பியிருக்கிறார்கள். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: சான்றிதழை நான் பார்க்கத் தேவையில்லை. தம்பி அந்த 5,000 ரூபாயை யு.பி.ஐ.யில் அனுப்பியபோது திரையில் வந்த பெறுநர் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஒரு தனி நபரின் பெயராகவோ, ஏதோ ஊரிலுள்ள டிரேடர்ஸ், எண்டர்பிரைசஸ் பெயராகவோ இருந்தால் அது கிரிப்டோ தளமே அல்ல. திரையில் ஏறும் எண்கள் வெறும் படம். அந்த 1,200 ரூபாய், இரண்டு லட்சத்துக்குப் போட்ட தூண்டில். அந்த 6,200 ரூபாயும் வேறொருவர் ஏமாந்து இழந்த பணமாக இருக்கக்கூடும் என்பதால், உரையாடலையும் பரிவர்த்தனை எண்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, இன்றே 1930க்கு அழைத்துத் தெரிவியுங்கள்.