ஜெர்மனியில் டாட்டூ கலையின் முன்னோடி என்று யாரைச் சொல்வார்கள்? அவர் அப்படி என்ன செய்தார்?

ஒரே ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும் என்றால், கிறிஸ்டியான் வார்லிஷ். ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய சாங்க்ட் பவுலியில் மதுக்கடை நடத்தியவர். அந்தக் கடையின் ஒரு மூலையில் உட்கார்ந்து நாற்பது வருடங்களுக்கும் மேலாக மனிதர்களுக்குப் பச்சை குத்தியவர். ஜெர்மானியர்கள் அவரை 'பச்சை குத்துபவர்களின் ராஜா' என்பார்கள். பட்டம் கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தொழிலில் அவரோடு ஒப்பிட அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம்.

'முன்னோடி' என்றதும் 'முதல் ஆள்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹாம்பர்கில் அவருக்கு முன்பே பச்சை குத்துபவர்கள் இருந்தார்கள். 1866இல் பிறந்த கார்ல் ஃபின்கே என்பவர் வரைந்து வைத்த மாதிரிப் புத்தகம் ஒன்று இன்றும் இருக்கிறது. கோடுகள் முரட்டுத்தனமாக இருந்தாலும் உயிர் உள்ள படங்கள். துறைமுக ஊர் எதுவானாலும் இப்படி நாலு பேர் இருந்திருப்பார்கள். சந்தையில், திருவிழாக் கூடாரத்தில், மதுக்கடையின் பின்பக்கத்தில், கையால் ஊசி குத்தி, காசு வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். வார்லிஷ் செய்தது வேறு. ஓடிக்கொண்டிருந்த அந்த வேலைக்கு ஒரு நிலையான முகவரி கொடுத்தார். அதை ஒரு தொழிலாக ஆக்கினார்.

பிறந்தது 1891 ஜனவரி 5. ஊர் லிண்டன், ஹனோவரை ஒட்டிய தொழிலாளர் பகுதி. பின்னாளில் ஹனோவரோடு சேர்ந்துவிட்டது. படித்துப் பட்டம் வாங்கும் குடும்பம் இல்லை. இளம் வயதில் உடலுழைப்பு வேலை, அப்புறம் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. கடலில் போனவர் அமெரிக்கா வரை போனார் என்றும், பச்சை குத்தும் மின்சாரக் கருவியை அங்கேதான் முதலில் பார்த்தார் என்றும் சொல்லப்படுகிறது.

அந்தக் கருவியின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆவணங்களை நகலெடுக்க எடிசன் ஒரு மின்சாரப் பேனா செய்திருந்தார். காகிதத்தில் பொடிப்பொடியாகத் துளை போட்டுக்கொண்டே போகும், 1876இல் காப்புரிமை வாங்கியது. நியூயார்க்கில் பச்சை குத்திக்கொண்டிருந்த சாமுவேல் ஓ'ரைலி அந்த யோசனையை எடுத்து, காகிதத்துக்குப் பதில் தோலுக்கு மாற்றினார். அவருக்குக் காப்புரிமை கிடைத்ததும் 1891இல்தான், வார்லிஷ் பிறந்த அதே வருடம். அதன் பிறகு வந்த காந்தச் சுருள் கருவிகள் பழைய காலிங் பெல் போலத்தான் வேலை செய்தன. மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி ஒரு இரும்புத் தகட்டை இழுக்கும். இழுத்ததும் இணைப்பு விட்டுப்போகும், ஸ்பிரிங் தகட்டைத் திரும்பத் தள்ளும், மறுபடி இணைப்பு. தகட்டின் முனையில் மணியடிக்கும் குண்டுக்குப் பதில் ஊசி, அவ்வளவுதான். நொடிக்குப் பல முறை ஏறி இறங்கும். கையால் ஒவ்வொரு குத்தாகக் குத்தினால் அரை நாள் போகும் படம் இதில் ஒரு மணி நேரத்தில் முடியும், கோடும் நேராக வரும். ஜெர்மனியில் இந்தக் கருவியைத் தொழில்முறையாகக் கையாண்ட முதல் சிலரில் வார்லிஷும் ஒருவர்.

1919இல் ஹாம்பர்கில் கடை போட்டார். கீலர் தெரு, 44ஆம் எண். தெருவின் பெயர் பின்னர் கிளெமன்ஸ் ஷுல்ட்ஸ் தெரு என்று மாறியது. சாங்க்ட் பவுலி அப்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, வேலை இல்லாத மாலுமிகள், கப்பல் கட்டும் தொழிலாளிகள், மூட்டை தூக்குபவர்கள், பாலியல் தொழிலாளிகள், குட்டித் திருடர்கள். கப்பல் கயிறு திரித்துக்கொண்டிருந்த ரீப்பர்பான் தெரு அதற்குள் மதுக்கடைகளும் நாடகக் கொட்டகைகளும் நிறைந்த தெருவாகிவிட்டிருந்தது. சம்பளத்தோடு கரையிறங்கும் மாலுமிக்கு முதலில் வேண்டியது குடி. அவனை உட்கார வைத்துப் பீர் ஊற்றுகிறவரே கையில் ஊசியும் வைத்திருந்தார். இதைவிட நல்ல வியாபார யோசனை இருக்க முடியுமா, சொல்லுங்கள்! (குடித்தவருக்குப் பச்சை குத்தக் கூடாது, ரத்தம் அதிகம் கசியும் என்று இன்றைய கடைக்காரர்கள் சொல்வார்கள். அன்று யார் கேட்டார்கள்.)

சரி, ராஜா என்று சொல்லும் அளவுக்கு என்ன செய்தார்? இந்த இடத்தில் என் கருத்து பலரோடு ஒத்துப்போகாது. எல்லோரும் மின்சாரக் கருவியைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அவருடைய ஆல்பம்தான் பெரிதாகப் படுகிறது. கருவி அவர் கொண்டுவராவிட்டாலும் வேறு யாராவது கொண்டுவந்திருப்பார்கள், துறைமுகம் அது. ஆல்பம் அப்படி இல்லை.

டாட்டூ கடையில் வாடிக்கையாளர் பார்த்துத் தேர்ந்தெடுக்க வரைந்து வைக்கும் தாள்களை ஃப்ளாஷ் என்பார்கள். வார்லிஷின் ஆல்பத்தில் பாய்மரக் கப்பல், கழுகு, பாம்பு, ரோஜா, முள்முடி தரித்த இயேசு, ஜப்பானியப் பாணி டிராகன், விதவிதமான பெண்கள், எல்லாம் இருக்கின்றன. அமெரிக்க மாலுமிகளின் தோளில் பார்த்தது, ஆசியத் துறைமுகங்களிலிருந்து வந்தது, ஜெர்மன் பிரபலப் படங்களில் இருந்தது என்று பல இடத்துச் சரக்கு. ஆனால் எல்லாமே ஒரே கையில் நுழைந்து வெளிவந்ததுபோல இருக்கும். கோடு எங்கே தடிக்க வேண்டும், எந்த இடத்தில் கறுப்பு நிழல் விட்டால் இருபது வருடம் கழித்தும் படம் கலங்காமல் தெரியும் என்று தெரிந்த கை. காகிதத்தில் அழகாக இருப்பது தோலில் நிற்காது. தோல் சுருங்கும், கறுக்கும், மை மெல்ல உள்ளுக்குள் பரவும். அதைக் கணக்கில் வைத்து வரைந்த படங்கள் இவை.

2019 கடைசியில் ஹாம்பர்க் வரலாற்று அருங்காட்சியகத்தில் வார்லிஷ் பற்றி ஒரு கண்காட்சி தொடங்கியது. அந்தக் குளிர்காலத்தில் வேலை விஷயமாக அங்கே இருந்ததால் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், வெளியே மழை, உள்ளே சூடு, அதுதான் முதல் காரணம். ஆனால் ஆல்பத்துப் படங்களின் முன் நின்றதும் நகர மனம் வரவில்லை. மதுக்கடைச் சாமான் ஒன்றை இப்படிக் கண்ணாடிக்குள் வைத்து ஊர் பார்க்கிறதே என்ற வியப்புதான் அதிகம். அந்த ஆல்பத்தை அருங்காட்சியகம் வாங்கியது 1965இல், வார்லிஷ் இறந்த அடுத்த வருடம். அன்றைக்கு அதில் கலை இருக்கிறது என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். வாங்கி வைத்த அந்த அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

வார்லிஷிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. குத்திய பச்சையை எடுப்பது. லேசர் எல்லாம் வருவதற்கு முன், பழைய காதலி பெயரோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு வழி இல்லாத காலம். வார்லிஷ் ஒரு திரவம் வைத்திருந்தார், சேர்மானம் ரகசியம். அதைத் தடவினால் பச்சை இருக்கும் தோல் அடுக்கு வெந்து, காய்ந்து, படத்தோடு உரிந்து வரும். கேட்கவே உடம்பு கூசுகிறது, தழும்பு நிச்சயம். உரிந்த தோல் துண்டுகளை அவர் பத்திரப்படுத்தியும் வைத்தார். மருத்துவர்களுக்கும் அவரிடம் ஆர்வம் இருந்தது. தோலைப் பற்றி மதுக்கடைக்காரரிடம் கேட்க டாக்டர்கள் வந்தார்கள் என்பதே அவர் கைத்திறனுக்கு ஒரு சான்று.

தோல் துண்டு என்று சொன்னபிறகு அந்தக் காலத்து ஜெர்மனியின் இன்னொரு பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது. நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமில், அவர்களுடைய எஸ்எஸ் படையைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் கைதிகளின் பச்சைகளை வைத்து ஆய்வேடு எழுதினார். இறந்த கைதிகளின் பச்சை குத்திய தோல் வெட்டிப் பதப்படுத்தப்பட்டது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளின் கையில் எண்ணைக் குத்தினார்கள். அதற்கும் முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வியன்னாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ், பச்சை குத்திக்கொள்ளும் நவீன மனிதன் குற்றவாளி அல்லது சீரழிந்தவன் என்று எழுதியிருந்தார். படித்தவர்களின் பொதுக் கருத்தே அதுதான். இத்தனைக்கும் நடுவில் வார்லிஷ் அதே தெருவில், அதே கவுண்டருக்குப் பின்னால் இருந்தார். விருப்பப்பட்டு வந்தவருக்கு விருப்பப்பட்ட படத்தைக் குத்தினார். அவரை வீரர் ஆக்க நான் வரவில்லை, கடைக்காரர்தான். ஆனால் ஒரே ஊசி, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எத்தனை வேறு பொருள் எடுக்கிறது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1964 பிப்ரவரியில் இறந்தார், 73 வயது. கடைசி வரை சாங்க்ட் பவுலிதான்.

அவருக்கு அடுத்த பெயர் ஹெர்பர்ட் ஹோஃப்மன். டாட்டூ உலகில் இவரை வார்லிஷை விட அதிகம் பேர் நேரில் அறிந்திருப்பார்கள், ஏனென்றால் 2010 வரை வாழ்ந்தார். 1919இல் பொமரேனியாவில் பிறந்தவர், போரில் சிக்கி சோவியத் கைதியாக இருந்து திரும்பியவர். 1961இல் ஹாம்பர்கர் பெர்க் தெரு 8ஆம் எண்ணில் ஏற்கெனவே இருந்த ஒரு கடையை எடுத்து நடத்தினார். ஜெர்மனியின் மிகப் பழைய டாட்டூ கடை என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்ட கடை அது. அதே 1961இல் நியூயார்க் நகரம் மஞ்சள் காமாலை பரவுகிறது என்று காரணம் காட்டி டாட்டூவுக்குத் தடை போட்டது, 1997இல்தான் நீக்கினார்கள். ஹோஃப்மன் கடைக்கு அப்படிச் சிக்கல் வரவில்லை.

ஹோஃப்மன் நன்றாகப் பச்சை குத்துவார், ஆனால் அவருடைய பெரிய காரியம் கேமரா. வாடிக்கையாளர்களையும் தெருவில் கண்ட பச்சை குத்தியவர்களையும் நிறுத்திப் படம் எடுத்தார். 19ஆம் நூற்றாண்டில் பிறந்த கிழவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, மார்பு நிறையக் கப்பலும் நங்கூரமும் இதயமுமாகக் கேமராவை நேராகப் பார்ப்பார்கள். முகத்தில் வெட்கமே இருக்காது. குற்றவாளிக் கூட்டம் என்று படித்தவர்கள் சொன்ன ஆட்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா மாதிரி நிற்பார்கள். வார்லிஷ் கையால் குத்திக்கொண்ட தலைமுறை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் இந்தப் படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

வார்லிஷ் பற்றிய தகவல்கள் இப்போது ஒழுங்காகக் கிடைப்பதற்கு கலை வரலாற்றாளர் ஓலே விட்மன் முக்கியக் காரணம். வார்லிஷ் விட்டுச்சென்ற பொருட்களை 2015இலிருந்து தேடித் தொகுத்து ஆராய்ந்தவர் அவர். நான் பார்த்த கண்காட்சியும் அந்த உழைப்பில் வந்ததே. ஆல்பம் 1981இலேயே ஒரு முறை அச்சில் வந்தது, 2019இல் திரும்பவும் நல்ல தரத்தில் வந்தது. ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படங்களைப் பார்க்க மொழி வேண்டாம். டாட்டூ குத்திக்கொள்ளும் யோசனையில் இருக்கிறவர்கள், இணையத்தில் கிடைக்கும் மெல்லிய கோட்டுப் படங்களைக் கடைக்காரரிடம் நீட்டுவதற்கு முன் வார்லிஷின் கழுகுகளில் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள். எது இருபது வருடம் நிற்கும் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.