செட்டியாரின் கழுத்து

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தே ஆரி ஒர்க் செய்கிறேன். கல்யாண பிளவுஸ்தான் அதிகம். ஆடி மாதத்தில் முன்னறையை வேலை அறையாக மாற்றினேன். இடம் அழகாக இருந்தால் புது டிசைன் தானாகத் தோன்றும் என்றார்கள். அதனால் எனக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அலமாரியில் சீரியல் லைட், பிளாஸ்டிக் கொடி, ஆங்கில வாசகம் எழுதிய பிரேம் எல்லாம் வைத்தேன். 7,000 ரூபாய் ஆனது. அதிலிருந்த அத்தையின் கொலு பொம்மைகளை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பரணில் ஏற்றினேன். மூட்டுவலியால் 3 வருஷமாக அவர் கொலு வைப்பதில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. "செட்டியாரை அடியில வைக்காத, கழுத்து ஒட்டுப் போட்டது" என்றார், அவ்வளவுதான். இவ்வளவு செய்தும் பழைய டிசைனையே திருப்பித் திருப்பிப் போடுகிறேன். அலமாரியில் இன்னும் என்ன வைக்கலாம்?

பதில்: எதுவும் வைக்க வேண்டாம். பரணில் இருப்பதை முதலில் இறக்குங்கள்.

"சொல்லிவிட்டுத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். "கேட்டுவிட்டு" என்று எழுத உங்களுக்கே கை வரவில்லை, பாருங்கள். சொல்லிவிட்டுச் செய்வது வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் செய்வது. பெரியவர்களின் பொருளை நகர்த்த அவர்களிடம் கேட்க வேண்டும். என் கருத்து பழசுதான், மாற்றிக்கொள்கிற உத்தேசம் இல்லை.

அடுத்து, "ஒன்றும் சொல்லவில்லை." சொல்லியிருக்கிறாரே அம்மா! அத்தனை பொம்மைகளில் எதற்குக் கழுத்து போயிருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். மளிகைக் கடை பரப்பிக்கொண்டு தொப்பையோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் செட்டியாரை மற்ற பெட்டிகளின் பாரத்துக்கு அடியில் போட்டுவிடுவீர்களோ என்று பதறியிருக்கிறார். வேண்டாம் என்று உங்களிடம் சொல்ல முடியாதவர், பொம்மைக்காவது பரிந்து பேசியிருக்கிறார். உங்கள் காதில் அது "அவ்வளவுதான்" என்று விழுந்திருக்கிறது. உங்கள் கணவர் கடிதத்தில் எங்குமே இல்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ என்னவோ.

மூட்டுவலியால் அத்தை கொலு வைப்பதில்லை. சரி. உங்கள் முழங்காலுக்கு என்ன? ஒரு வீட்டில் 3 வருஷம் கொலு நின்றுபோனால் அது நோவு வந்தவர் பொறுப்பா, நடமாடுகிறவர் பொறுப்பா?

இப்போது உங்கள் டிசைன் விஷயம். உங்கள் அலமாரி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் பார்க்கிறார்கள், நீங்கள் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் ஆடியில் வைத்தது அப்படியே இருக்கிறது. நாலு நாளில் கண்ணுக்கு அது சுவராகிவிடும். கொலு அப்படியில்லை. ஒன்பது ராத்திரிதான், அப்புறம் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த வருஷம் எதை எங்கே வைப்பது என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டும், புதிதாக ஒரு பொம்மையாவது சேர வேண்டும், கீழே பூங்காவும் குளமும் ஜோடிக்க வேண்டும். வருஷா வருஷம் மூளையைக் கசக்கியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். நீங்கள் பிளாஸ்டிக் கொடியிடம் யோசனை கேட்கிறீர்கள்.

இறக்கியதும் ஒரு அம்மன் பொம்மையைக் கையில் எடுத்து, சேலைக் கரையை மட்டும் பாருங்கள். விளாச்சேரி மண் பொம்மையோ, பண்ருட்டி காகிதக்கூழ் பொம்மையோ, எதுவாகவும் இருக்கட்டும். வரைந்தவருக்குக் கிடைத்த இடம் அரை விரல் அகலம். அதற்குள் ஒரு மாங்காயை இரண்டு இழுப்பு, ஒரு புள்ளியில் முடித்திருப்பார். பிளவுஸின் பின்கழுத்தில் ஜர்தோசியும் பீட்ஸுமாக இடமில்லாமல் அடைக்கிறவர்களுக்கு, எதை விடலாம் என்று அந்தப் புள்ளி சொல்லிக்கொடுக்கும். மரப்பாச்சி ஜோடி இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு வருஷா வருஷம் புதுத் துணி உடுத்துவது வழக்கம்தானே. கஸ்டமர் துணியில் போடத் தயங்குகிற டிசைனை மரப்பாச்சியின் உள்ளங்கையளவு துணியில் போட்டுப் பாருங்கள். பிசகினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அலமாரியை நீங்கள் நிமிர்ந்தால் தெரிகிற சுவருக்கு மாற்றுங்கள். உள்ளே சின்னதாக 3 படி, மேலே வெள்ளை வேட்டி. புரட்டாசி வரை காத்திருக்க வேண்டாம், பத்து நாளைக்கு ஒருமுறை நாலைந்து பொம்மைகளை மாற்றி வையுங்கள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து சொல்லட்டும், நீங்கள் வையுங்கள். மிச்சத்தைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, கட்டில் அடியிலோ பீரோவிலோ வைக்கலாம். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற பரண் சித்திரை வெயிலில் அடுப்பு மாதிரி காயும், பொம்மையில் வண்ணம் உரியும். நவராத்திரி வந்ததும் முழுக்கொலு. படி கட்டுவது உங்கள் கணவர் வேலை.

7,000 ரூபாய்ச் சாமானை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சீரியல் லைட் கொலுவுக்கு ஆகும். மற்றதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குச் சாயங்காலமே அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து, "செட்டியார் கழுத்து எப்படி அத்தை போச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை ஊசியை எடுக்காதீர்கள்.