கலந்த மருந்து ஃப்ரிட்ஜில் எங்கே?

கேள்வி: பொடி மருந்தில் கலக்கும் ஊசித் தண்ணீர் (பாக்டீரியோஸ்டாட்டிக் வாட்டர்), கலந்த பெப்டைட் (புரதத் துணுக்கு) மருந்து, இரண்டையும் ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: கதவு வேண்டாம் அம்மா. திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறி இறங்கும். கலந்த மருந்தை நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். உறைந்துபோனால் உருக்கிப் போடாதீர்கள், கொட்டிவிடுங்கள். தண்ணீர்ப் புட்டிக்கு அறை வெப்பமே போதும். அதிலுள்ள 0.9 சதவீத பென்சைல் ஆல்கஹால் கிருமியைப் பெருகவிடாது. ஆனாலும் புட்டியில் முதல் ஊசி குத்தியதிலிருந்து 28 நாளோடு சரி. அந்தத் தேதியை லேபிளிலேயே எழுதுங்கள். என் மருந்துக் கடைக்கு வருபவர்களிடம் இதைக் கெஞ்சியே சொல்கிறேன். கலந்த மருந்துக்குக் கெடு தனி, அதன் தாளைப் பாருங்கள். அப்புறம், பச்சிளங்குழந்தைக்கு இந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. அமெரிக்காவில் இந்த ஆல்கஹாலால் சிசுக்கள் இறந்தது 1982-லேயே தெரியவந்தது.