பார்ட்னர் விமானத்தில் பிசினஸ் டிக்கெட் எடுத்தால் ஸ்டேட்டஸ் கிரெடிட் எப்படிச் சேரும்?

கேள்வி இதுதான்: "நான் ஒரு விமான நிறுவனத்தின் ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர் உறுப்பினர். அதன் பார்ட்னர் நிறுவனத்தில் பிசினஸ் கிளாஸ் விலை குறைவாக இருக்கிறது. அதில் போனால் என் கணக்கில் ஸ்டேட்டஸ் கிரெடிட் முழுதாகச் சேருமா? எல்லா பிசினஸ் டிக்கெட்டுக்கும் ஒரே அளவுதானா?"

சேரும் (சில்வர், கோல்ட் என்று உறுப்பினர் நிலையில் உங்களை மேலே ஏற்றும் புள்ளிகள்தான் ஸ்டேட்டஸ் கிரெடிட்). ஆனால் ஒரே அளவு இல்லை. நீங்கள் எந்த இருக்கையில் உட்கார்ந்தீர்கள் என்பதைக் கணக்கு போடும் கணினி பார்ப்பதே இல்லை. டிக்கெட்டில் இருக்கும் ஒற்றை எழுத்து, விமான எண்ணின் முன்னால் இருப்பது யாருடைய குறியீடு, டிக்கெட்டை வெளியிட்டது யார் ஆகிய மூன்றைத்தான் அது பார்க்கிறது. அப்புறம் அவற்றை உங்கள் திட்டத்தின் அட்டவணையில் வைத்து ஓர் எண்ணை எடுக்கிறது. பறக்கும் நிறுவனத்தின் அட்டவணையில் இல்லை, உங்கள் திட்டத்தின் அட்டவணையில். பலர் தடுமாறுவது இங்கேதான். கத்தார் ஏர்வேஸில் போகிறோமே என்று கத்தார் தளத்தில் போய் எவ்வளவு கிடைக்கும் என்று தேடுவார்கள். அங்கே இருப்பது கத்தாரின் சொந்த உறுப்பினர்களுக்கான கணக்கு. உங்கள் கணக்கு குவான்டாஸில் இருந்தால் குவான்டாஸ் தளத்தில் "கத்தார் ஏர்வேஸ்" என்ற பக்கத்தைத்தான் திறக்க வேண்டும்.

இதனால் ஒரே விமானத்தில் ஒரே விலை கொடுத்து அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சேரும். ஒருவர் குவான்டாஸ், ஒருவர் பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஒருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உறுப்பினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிறுவனங்களும் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கின்றன. மூவருமே அந்தக் கூட்டணியின் நடு நிலையான சஃபையரைக் குறிவைக்கிறார்கள். குவான்டாஸில் அதற்குப் பெயர் கோல்ட், முதல்முறை எட்ட 700 ஸ்டேட்டஸ் கிரெடிட் வேண்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் அது சில்வர், 7,500 டயர் பாயின்ட். அமெரிக்கனில் பிளாட்டினம், 75,000 லாயல்டி பாயின்ட். எட்டும் நிலை ஒன்றுதான், அளக்கும் படிதான் வேறு. ஆகவே "எனக்கு 140 கிடைத்தது, உனக்கு 5,000 கிடைத்ததா" என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இலக்கில் எத்தனை பங்கு கிடைத்தது என்று பாருங்கள்.

இடையில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இலவச டிக்கெட் வாங்கச் செலவழிக்கும் மைல்ஸ் அல்லது பாயின்ட்ஸ் வேறு, சில்வர், கோல்ட் என்று உங்களை ஏற்றிவிடும் ஸ்டேட்டஸ் கிரெடிட் வேறு. பல திட்டங்களில் கிரெடிட் கார்டில் செலவழித்தால் முதலாவது குவியும், இரண்டாவது அசையாது. அமெரிக்கன் போன்ற சில திட்டங்கள் இதில் விதிவிலக்கு. அமெரிக்கனின் லாயல்டி பாயின்ட் கார்டு செலவிலும் ஏறும்.

இனி அந்த எழுத்து. பிசினஸ் கேபின் ஒன்றுதான் என்றாலும் அதை நான்கைந்து விலையில் விற்கிறார்கள். ஒவ்வொரு விலைக்கும் ஒரு புக்கிங் கிளாஸ் எழுத்து உண்டு. 'ஜே' என்பது பெரும்பாலும் முழு விலை பிசினஸ். 'சி' (C), 'டி' (D) என்று இறங்கி வருவார்கள். தள்ளுபடி டிக்கெட்டுகள் 'ஐ' (I), 'ஆர்' (R), 'பி' (P), 'இசட்' (Z) போன்ற எழுத்துகளில் வரும். ஆனால் இதை எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான விதி என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். கத்தாரில் 'ஐ' என்றால் காசு கொடுத்து வாங்கும் பிசினஸ் டிக்கெட். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் அதே 'ஐ' மைல்ஸ் கொடுத்து எடுக்கும் டிக்கெட், அதற்கு ஒன்றும் சேராது. நிறுவனத்தின் பெயரையும் எழுத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எழுத்து எங்கே இருக்கும்? பணம் கட்டும் முன் வரும் பக்கத்தில் விலை விவரம் அல்லது பயண விவரம் என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் 'பிசினஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து தெரியும். சில முகவர் தளங்கள் அதை மறைத்துவிடுகின்றன. அப்படியானால் அதே பயணத்தை நிறுவனத்தின் தளத்தில் தேடி விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், அல்லது முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள். 'லைட்' என்று பெயர் வைத்து விற்கும் பிசினஸ் டிக்கெட்டில் லவுஞ்ச் போன்றவற்றைப் பிடுங்கியிருப்பார்கள், ஆனால் கிரெடிட்டைப் பிடுங்கினார்களா என்பது உங்கள் திட்டத்தைப் பொறுத்தது. சில திட்டங்கள் பார்ட்னரின் எல்லா பிசினஸ் எழுத்துகளையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே கிரெடிட் தருகின்றன. அப்படிப்பட்ட திட்டத்தில் இருந்தால் மலிவான பிசினஸ் டிக்கெட்தான் உங்களுக்கு லாபம். முழு விலை கொடுப்பவருக்கும் அதே எண்தான். வேறு சில திட்டங்கள் முழு விலைக்கு ஒரு சதவீதமும் தள்ளுபடிக்கு அதைவிடக் குறைந்த சதவீதமும் வைத்திருக்கின்றன.

அடுத்து, பணமா தூரமா என்ற பெரிய பிரிவு. கடந்த சில ஆண்டுகளில் பல திட்டங்கள், பறந்த தூரத்தை விட்டுவிட்டு, கொடுத்த பணத்தை வைத்து அளக்கத் தொடங்கிவிட்டன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல் தகுதியான செலவில் 1 பவுண்டுக்கு 1 டயர் பாயின்ட் என்று மாற்றியது. டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகியவையும் தங்கள் சொந்த டிக்கெட்டுகளுக்குப் பணத்தைத்தான் பார்க்கின்றன. ஆனால் பார்ட்னர் நிறுவனம் தானே விற்று, தன் எண்ணிலேயே பறக்கும் டிக்கெட்டுக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது உங்கள் திட்டத்துக்குத் தெரியாது. அதனால் அங்கே பெரும்பாலும் பழைய முறையே ஓடுகிறது: பறந்த தூரம், அதன்மேல் எழுத்துக்கு ஏற்ற சதவீதம். யுனைடெட் இன்னொரு படி போய், பார்ட்னர் டிக்கெட்டில் கிடைக்கும் மைல்களைப் பார்ட்னரைப் பொறுத்து 5 அல்லது 6 ஆல் வகுத்து, அதற்கு ஓர் உச்சவரம்பும் வைத்திருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் மலிவான பார்ட்னர் பிசினஸ் டிக்கெட்டின் அருமை இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். போக வர 8,000 மைல் தூரம், அடிப்படைக் கட்டணம் 1,000 டாலர் என்று வையுங்கள். அமெரிக்கன் தன் சொந்த டிக்கெட்டில் ஸ்டேட்டஸ் இல்லாத உறுப்பினருக்கு டாலருக்கு 5 லாயல்டி பாயின்ட் தருகிறது, ஆக 5,000. அதே பயணம் பார்ட்னரின் எண்ணில், 125 சதவீதம் தரும் எழுத்தில் இருந்தால் 10,000. கட்டணம் 5,000 டாலராக இருந்தால் கதை தலைகீழ்: பண முறையில் 25,000, தூர முறையில் அதே 10,000. விலை குறைந்த நீண்ட பயணத்தைப் பார்ட்னர் எண்ணிலும், விலை கூடிய குறுகிய பயணத்தைச் சொந்த எண்ணிலும் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

"சொந்த எண்", "பார்ட்னர் எண்" என்று சொல்லிக்கொண்டே போகிறேன், அதையும் விளக்கிவிடுகிறேன். கோட்ஷேர் என்றால் ஒரே விமானத்துக்கு இரண்டு மூன்று எண்கள். எமிரேட்ஸ் விமானத்தையே எமிரேட்ஸ் எண்ணிலும் வாங்கலாம், குவான்டாஸ் எண்ணிலும் வாங்கலாம். விமானமும் சாப்பாடும் பணிப்பெண்களும் மாறுவதில்லை, கணக்கில் ஏறுவது மாறும். விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் இரண்டு எண்களுக்கும் உங்கள் திட்டம் என்ன தருகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். சில இடங்களில் மூன்றாவதாக ஒன்றும் நுழையும்: டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனம். டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் அதைச் சொல்லிவிடும். 016 என்றால் யுனைடெட், 006 டெல்டா, 081 குவான்டாஸ், 157 கத்தார், 618 சிங்கப்பூர், 098 ஏர் இந்தியா. யுனைடெட் உறுப்பினர் ஒருவர் பார்ட்னர் விமானத்தில் போனாலும் டிக்கெட் 016 என்று தொடங்கினால் பணக் கணக்கு, இல்லாவிட்டால் தூரக் கணக்கு.

குவான்டாஸ் போன்ற திட்டங்கள் தூரத்தைத் துல்லியமாக அளக்காமல், இத்தனை மைல் முதல் இத்தனை மைல் வரை இவ்வளவு என்று படி கட்டி வைத்திருக்கின்றன. படி எங்கே முடிகிறது என்று பாருங்கள். சில மைல்கள் கூடுதலாக இருந்ததால் அடுத்த படிக்குத் தாவும் பாதைகள் உண்டு. நேரடி விமானத்தைவிட ஓரிடத்தில் இறங்கி ஏறும் பயணத்துக்கு அதிகம் கிடைப்பதும் இதனால்தான், ஏனென்றால் ஒவ்வொரு செக்டருக்கும், அதாவது ஏறி இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும், தனித்தனியாகச் சேர்க்கிறார்கள். அதற்காக நள்ளிரவில் ஐந்து மணி நேரம் காத்திருக்கலாமா என்பது உங்கள் உடம்பைப் பொறுத்தது. எனக்கு இப்போதெல்லாம் நேரடி விமானம்தான் பிடிக்கிறது.

நீண்ட செக்டர் பிசினஸிலும் இணைப்பு விமானம் எகானமியிலும் இருக்கும் கலப்பு டிக்கெட்டுகள் ஏராளம். ஒவ்வொரு செக்டருக்கும் அதனதன் எழுத்துப்படிதான் சேரும். எகானமி வாங்கி, பிறகு ஏலத்தில் கேட்டோ மைல்ஸ் கொடுத்தோ பிசினஸுக்கு மாறினால் பெரும்பாலான திட்டங்களில் முதலில் வாங்கிய எழுத்துக்குத்தான் கணக்கு. முழுக்க மைல்ஸில் எடுத்த டிக்கெட்டுக்குப் பார்ட்னர் விமானத்தில் பெரும்பாலும் எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

கிரெடிட்டெல்லாம் சேர்ந்தும் கார்டு வராமல் போகும் ஒரு விதி இருக்கிறது. பல திட்டங்கள் சொந்த நிறுவனத்தில் குறைந்தது இத்தனை செக்டர் பறந்திருக்க வேண்டும் என்று கேட்கும். யுனைடெட்டில் அது 4. குவான்டாஸிலும் நெடுநாளாக 4 என்றே இருந்தது. பார்ட்னரில் மட்டும் பறந்து கோல்ட் வாங்கிவிடலாம் என்று திட்டமிடும் முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். கூடவே, உங்கள் திட்டத்தின் ஆண்டு எப்போது தொடங்குகிறது என்றும் பாருங்கள். யுனைடெட்டுக்கும் டெல்டாவுக்கும் ஜனவரி முதல் டிசம்பர், அமெரிக்கனுக்கு மார்ச் முதல் பிப்ரவரி, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஏப்ரல் முதல் மார்ச். குவான்டாஸில் நீங்கள் சேர்ந்த மாதத்தைப் பொறுத்து உங்களுக்கென்று தனி ஆண்டு. டிக்கெட் வாங்கிய தேதி இதில் கணக்கில்லை, பறந்த தேதிதான்.

இத்தனையும் பார்த்து வாங்கிய பிறகும் விமானம் ரத்தானால் எல்லாம் கலையும். எனக்கு ஒருமுறை நடந்தது. விமானம் ரத்தாகி, வேறொரு நிறுவனத்தில் ஏற்றிவிட்டார்கள். இருக்கை பிசினஸ்தான், ஆனால் அவசரத்தில் மாற்றி எழுதிய டிக்கெட்டில் எகானமி எழுத்து விழுந்திருந்தது, என் உறுப்பினர் எண்ணும் காணாமல் போயிருந்தது. இப்படி ஆனால் கேட்க வேண்டியது ஒரிஜினல் ரூட்டிங் கிரெடிட். அதாவது முதலில் வாங்கிய பாதைக்கும் எழுத்துக்கும் உரிய கணக்கைத் தரச் சொல்லிக் கேட்பது. பல நிறுவனங்கள், ரத்து அவர்கள் தரப்பில் இருந்தால், தருகின்றன. பழைய டிக்கெட், ரத்து பற்றி வந்த மின்னஞ்சல், புதிய போர்டிங் பாஸ் மூன்றும் கையில் இருந்தால் பேச்சு சுலபம். எனக்கு இரண்டு சுற்று மின்னஞ்சலுக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எப்போதும் பிசினஸிலேயே பறப்பவர் என்றால் இந்த ஸ்டேட்டஸால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. லவுஞ்ச், முன்னுரிமை வரிசை, கூடுதல் பெட்டி எல்லாம் டிக்கெட்டோடே வருகின்றன. ஆண்டுக்கு ஓரிரு முறை பிசினஸ், மற்ற நேரம் எகானமி என்று பறப்பவருக்குத்தான் இது வரம். பிசினஸில் சேர்த்த கிரெடிட்டை எகானமியில் அனுபவிப்பார். லவுஞ்ச் இல்லாத 'லைட்' பிசினஸ் டிக்கெட்டுக்கும் இது கைகொடுக்கும், கூட்டணி நிலை இருந்தால் லவுஞ்ச் அந்த வழியில் திறக்கும். இரண்டிலும் சேராத ஆள், அதாவது ஆண்டுக்கு ஒரே பயணம் போகிறவர், விலையைப் பார்த்து வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கிரெடிட்டுக்காகவே ஒரு பயணம் கூடுதலாகப் போவது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

சரி, நடைமுறைக்கு. புக்கிங்கில் உறுப்பினர் எண்ணைப் போடும்போது பார்ட்னர் தளம் தன் சொந்தத் திட்டத்தின் எண்ணைத் தானாக நிரப்பியிருந்தால் மாற்றுங்கள். ஒரு பயணத்துக்கு ஒரு திட்டத்தில்தான் சேரும், சேர்ந்த பிறகு இடம் மாற்றித் தரமாட்டார்கள். போர்டிங் பாஸில் உங்கள் எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். பார்ட்னர் பயணம் கணக்கில் ஏறச் சில நாட்கள் ஆகும். இரண்டு வாரம் தாண்டியும் வரவில்லையென்றால் உங்கள் திட்டத்தின் தளத்தில் விடுபட்ட பயணத்துக்கான படிவத்தை நிரப்புங்கள். டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் கேட்பார்கள், கேட்பதற்கு மாதக் கணக்கில் காலக்கெடுவும் உண்டு. அதனால் கணக்கில் எண் ஏறும் வரை போர்டிங் பாஸின் படத்தைக் கைப்பேசியிலிருந்து அழிக்காதீர்கள்.