தினமும் காபி: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

நான் உணவியல் ஆலோசகர். நானும் தினம் இரண்டு கப் குடிப்பவள்தான், அதனால் முழு நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை கப் வரை குடிக்கலாம்? ஒருவர் இரண்டு என்கிறார், இன்னொருவர் ஐந்து என்கிறார்.

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஒருவருடைய கப் சின்னது, இன்னொருவருடையது குவளை. கப்பை விட்டுவிட்டு, காபியில் நம்மை விழிக்க வைக்கும் பொருளான காஃபீனை எண்ணுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பயமில்லை, ஒரே வேளையில் 200-ஐத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. ஆனால் ஒரு கப்பில் 60 மில்லிகிராமும் இருக்கும், 150-உம் இருக்கும். ரொபஸ்டா வகைக் காபிக் கொட்டையில் அராபிகா வகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் உண்டு. தேநீர், கோலா, எனர்ஜி பானம், சில தலைவலி மாத்திரைகள் ஆகியவற்றில் இருப்பதும் இதே கணக்கில்தான் சேரும். மாத்திரையை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: காபி குடித்தால் சர்க்கரை நோய் வராதாமே, நிஜமா?

"வராது" இல்லை. காபி குடிப்பவர்களிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாகக் காணப்படுகிறது. கல்லீரல் சுருக்கம், கல்லீரல் புற்றுநோய், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றிலும் இதே போக்குதான். 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இருநூறுக்கும் மேற்பட்ட தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுபவை) ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நாளுக்கு மூன்று, நான்கு கப் குடிப்பவர்களிடம்தான் நன்மை அதிகமாகத் தெரிந்தது. காஃபீன் நீக்கிய காபியிலும் சர்க்கரை நோய்க்கான பலன் தெரிகிறது. அப்படியென்றால் அந்த வேலையைச் செய்வது கொட்டையில் இருக்கும் வேறு பொருள்களாக இருக்க வேண்டும்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை, குடிக்கும் மக்களையும் குடிக்காத மக்களையும் கவனித்துச் சொன்னவை. உடம்பு சரியில்லாதவர்கள் காபியை முதலில் நிறுத்திவிடுவார்கள் இல்லையா? அவர்களும் "குடிக்காதவர்கள்" பக்கம் போய்ச் சேர்ந்தால் காபிக்கு இலவசமாக நல்ல பெயர் கிடைக்கும். ஆகவே பிடித்துக் குடிப்பவர் குடிக்கலாம். பிடிக்காதவர் மருந்து என்று நினைத்து ஆரம்பிக்க வேண்டாம்.

அதே நபர்: சர்க்கரை போட்டுக் குடித்தாலும் பலன் உண்டா?

இதற்குத்தான் காத்திருந்தேன். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம். கப்புக்கு இரண்டு வீதம் நான்கு கப் என்றால் 32 கிராம். சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வேறு எதுவும் இனிப்பாகச் சாப்பிடாமலேயே நீங்கள் தாண்டியாயிற்று.

கேள்வி: காபி குடித்துவிட்டு உடனே படுத்தாலும் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். அப்போ எனக்குக் காபி ஒன்றும் செய்யாது என்றுதானே அர்த்தம்?

தூக்கம் வருவது வேறு, அது ஆழமாக இருப்பது வேறு. விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தால் களைப்பு தெரியும். காஃபீன் அந்த நாற்காலியில் முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். களைப்பு தீரவில்லை, வெளியே வரிசையில் நிற்கிறது.

உடம்பில் போன காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு 200 மில்லிகிராம் குடித்தால் இரவு 10 மணிக்கு இன்னும் 100 இருக்கும், விடியற்காலை 3 மணிக்கு 50. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரத்துக்கு முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. சரி, எல்லோருக்கும் ஒரே வேகமா? இல்லை. காஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதி பரம்பரையாகச் சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும். புகைப்பவர்களுக்கு வேகமாகக் கரையும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு மெதுவாகக் கரையும்.

நீங்கள் வேகமானவராகவே இருக்கலாம். இரண்டு வாரம் மதியத்துக்குப் பிறகு குடிக்காமல் இருந்து பாருங்கள். காலையில் எழும்போது வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றால் நீங்கள் சொன்னதுதான் சரி.

கேள்வி: எனக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். காபியை விட வேண்டுமா?

விட வேண்டாம், தள்ளி வையுங்கள். காபியில் உள்ள பாலிபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச முடியாது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. 1983-இல் செய்த ஆய்வில் சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே அளவு குறைந்தது. ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது மட்டும் பாதிப்பே இல்லை. ஆக, "சாப்பிட்டு முடித்ததும் ஒரு கப்" என்கிற பழக்கம்தான் உங்களுக்கு எதிரி. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரமாவது கழியட்டும். மாத்திரைக்கும் இதே விதி.

கேள்வி: தைராய்டு மாத்திரையைக் காபியோடு போட்டுக்கொள்கிறேன்...

வேண்டாம், காபியோடு போட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. தண்ணீரோடு மட்டும். அப்புறம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. மாத்திரை அளவு கூடிக்கொண்டே போகிறதே என்று குழம்பி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன், நான்காம் மாதம். முழுசாக நிறுத்தச் சொல்கிறார்கள் வீட்டில்.

நாளுக்கு மொத்தம் 200 மில்லிகிராமுக்குள் இருக்கலாம் என்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை. சின்ன கப் ஒன்று அல்லது இரண்டு. மாதம் ஏற ஏறக் காஃபீன் உடம்பில் மிக நீண்ட நேரம் தங்கும், கடைசி மூன்று மாதத்தில் பாதியாகக் குறையவே 15 மணி நேரம் வரை ஆகலாம். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். அதனால் இன்னும் குறைத்தால் நல்லதுதான். உங்கள் மகப்பேறு மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டாவது கப்பிலேயே நெஞ்சு படபடக்கிறது. இதயத்துக்குக் கெடுதலா?

2023-இல் 100 பேரை இரண்டு வாரம் கருவி மாட்டிக் கவனித்தார்கள். ஒரு நாள் குடி, ஒரு நாள் குடிக்காதே என்று சீட்டுக் குலுக்கிச் சொன்னார்கள். குடித்த நாட்களில் இதயத்தின் மேலறையில் எழும் கூடுதல் துடிப்புகள் ஏறவில்லை, கீழறைத் துடிப்புகள் ஏறின. சுமார் 1000 காலடிகள் அதிகமாக நடந்தார்கள், 36 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இது. காபியின் குணம் மொத்தமும் அதில் இருக்கிறது.

உங்களுக்குப் படபடக்கிறது என்றால் ஒரு கப்போடு நிறுத்துங்கள், ஆய்வைவிட உங்கள் உடம்பு பெரிது. தலைசுற்றல், மயக்கம், நெஞ்சுவலி கூட வந்தால் காபியைப் பழி சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று: ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி வேண்டாம், அளவு ஏறிக் காட்டும்.

கேள்வி: கொலஸ்ட்ரால் ஏறுமா?

போடும் விதத்தைப் பொறுத்தது. காபி எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். காகித வடிகட்டி அதை ஏறக்குறைய முழுவதும் பிடித்துவிடும், உலோக வடிகட்டி பிடிக்காது. தூளோடு கொதிக்க வைப்பதில் மிக அதிகம். உடனடிக் காபித் தூளில் மிகக் குறைவு.

கேள்வி: உயரம் குறையுமா? பையன் கேட்கிறான்.

குறையாது. அவனுக்குக் காபி தேவையும் இல்லை.

கேள்வி: புற்றுநோய் வரும் என்று முன்பு படித்தேனே?

1991-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை காபியைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது உண்மை. 2016-இல் அங்கிருந்து எடுத்துவிட்டது. அதே கூட்டத்தில், 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்றது. வெந்நீரும் அதில் சேர்த்தி. ஊதி ஆற்றிக் குடியுங்கள்.

கேள்வி: நிறுத்திப் பார்த்தேன், மறுநாளே மண்டை பிளந்தது. நான் அடிமையா?

பழகிப் போயிருக்கிறீர்கள். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சம், ஒன்பது நாள் வரைகூட இழுக்கும். திடீரென்று நிறுத்தாமல் வாரத்துக்கு அரை கப் வீதம் குறையுங்கள். வலிக்கு மாத்திரை போடுவதானால் உறையைப் படியுங்கள், காஃபீன் கலந்த மாத்திரை என்றால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

கேள்வி: நீங்கள் குடிக்கும் அந்த இரண்டு கப் எப்போது மேடம்?

எழுந்ததும் ஒன்று, காலை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னால். பதினொரு மணிக்கு ஒன்று. இரண்டிலும் அரை டீஸ்பூன் சர்க்கரை உண்டு, மறைக்க மாட்டேன். வேலை நெருக்கும் நாட்களில் மாலையில் மூன்றாவதும் உண்டு. அன்று இரவு பன்னிரண்டு மணிக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.